வெள்ளை வரும்வரை

ஆவணி 5, செவ்வாய்

காலையில் சிலிண்டர் மாற்றினேன். போன முறையைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. விருந்தாளிகள் வந்து போனதைக் கழித்துப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது.

மாடியில் குடியிருக்கும் பெனிட்டா சாயங்காலம் இறங்கி வந்தாள். நாகர்கோவில் பெண். மனோதத்துவத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். தூக்கம் வராத பெண்களை வைத்து எங்கள் பவானியில் ஒரு சோதனை செய்யப் போகிறாளாம்.

"ஆன்ட்டி, பால்காரர் வராத நாளக்கூட எழுதி வைக்கிற ஆளு நீங்க. எனக்கு ஒரு உதவி வேணும்."

எங்கள் மகளிர் குழுவிலிருந்து முப்பத்தாறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதில் பாதிப்பேர் படுக்கும் முன்னால் மனதில் அரிப்பதை எழுத வேண்டும். மீதிப்பேர் மறுநாள் செய்ய வேண்டிய வேலைகளை எழுத வேண்டும். ஆறு வாரம். எழுதியதை யாரும் படிக்கப் போவதில்லை. வாரம் ஒருமுறை பெனிட்டா வந்து, எப்படித் தூங்கினீர்கள் என்று மட்டும் கேட்பாள். யார் எந்தக் குழு என்பது அவளுக்குத் தெரியக் கூடாதாம். அதை நான்தான் பிரித்து, நான்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

"உனக்குத் தெரிஞ்சா என்ன கண்ணு?"

"தெரிஞ்சா நான் கேக்குற கேள்வியிலயே பதில ஊட்டிருவேன் ஆன்ட்டி. 'இப்ப நல்லா தூங்குதியள்லா'ன்னு இழுப்பேன். எனக்கே தெரியாம இழுப்பேன்."

தன்னையே நம்பாத படிப்பு ஒன்று இருப்பது எனக்கு இத்தனை வயதுவரை தெரியாது. எட்டாவதோடு நிறுத்தப்பட்டவளைத் தேடி இது வந்திருக்கிறது. விளக்கேற்றிவிட்டுச் சரி என்றேன்.

ஆவணி 7, வியாழன்

பெனிட்டா கொடுத்த, தமிழில் எழுதிய மனோதத்துவப் பாடப்புத்தகத்தில் இருபது பக்கம் படித்தேன். நாம் மாற்றுவது சாரா மாறி, அதனால் மாறுவது சார்ந்த மாறி. பேர்தான் பயமுறுத்துகிறது. தோசை வரவில்லை என்றால் அரிசியையும் உளுந்தையும் கல்லையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எதனால் சரியானது என்று கேட்டால் யார் சொல்ல முடியும்? ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆட்களை எப்படி ஒரே மாதிரி ஆக்குவது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. பெனிட்டா சொன்னாள்: "ஆக்க முடியாது ஆன்ட்டி. அதனாலதான் குலுக்கல். அழுகிறவங்க, சிரிக்கிறவங்க, வயசானவங்க எல்லாரும் ரெண்டு பக்கமும் தானா கலந்து விழுவாங்க. நம்ம கை மட்டும் உள்ள போயிரக் கூடாது."

சீட்டுப் போட்டால் எங்கள் பெண்கள் நம்பமாட்டார்கள், வேண்டியவளுக்கு ஒன்று வேண்டாதவளுக்கு ஒன்று என்பார்கள், அம்மனிடம் பூ கேட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். வெள்ளரளியும் செவ்வரளியும் ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டி, அம்மன் முன் வைத்து எடுப்பது. கல்யாணமோ கிணறு வெட்டுவதோ எங்கள் பக்கம் இப்படிக் கேட்காமல் நடக்காது. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை.

பெனிட்டா கைதட்டிச் சிரித்தாள். "சூப்பர் ஆன்ட்டி. ஆனா இங்க உத்தரவு கிடையாது. ரெண்டும் ஒண்ணுபோல. வெள்ளைன்னா மனசு எழுதுறது, சிவப்புன்னா வேலை எழுதுறது. கண்ண மூடிட்டு எடுக்கணும். வந்தது வந்ததுதான். கேட்டியளா?"

கேட்டேன் என்றேன்.

ஆவணி 8, வெள்ளி

தலைக்குக் குளித்துவிட்டு, முதல் பூசை முடிந்ததும் கோயிலில் உட்கார்ந்தேன். பதினெட்டு வெள்ளை, பதினெட்டு சிவப்பு, எல்லாப் பொட்டலங்களையும் பித்தளைக் குண்டாவில் போட்டுத் துண்டால் மூடினேன். ஒவ்வொரு பேராக அம்மனிடம் சொல்லிவிட்டு எடுத்தேன். பூசை செய்யும் பண்டாரம் தள்ளி நின்று தேங்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டுச் சம்பூர்ணத்துக்கு வெள்ளை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. போன வருடம் பிரசவத்தில் மகள் போய்விட்டாள். பேரனை மருமகன் வீட்டார் கண்ணில் காட்டுவதில்லை. அவள் கண்மூடி உறங்கி எத்தனை மாதமோ. மனதில் இருப்பதைக் கொட்ட அவளுக்கு ஓர் இடம் வேண்டாமா? கணவனை இழந்த ராசாத்தி, கண் தெரியாத மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் அம்சவேணி, இவர்களுக்கும் வெள்ளையே.

என் கொழுந்தன் மனைவி கோகிலவாணிக்குச் சிவப்பு. முதலில் எடுத்த பொட்டலத்தின் கட்டு அவிழ்ந்திருந்ததால் அதை உள்ளே போட்டுவிட்டு வேறு எடுத்தேன்.

கடைசியில் கணக்குப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சரிபாதி. ஒன்றுகூடப் பிசகவில்லை.

ஆவணி 10, ஞாயிறு

கோயில் மண்டபத்தில் நோட்டுக் கொடுத்தோம். சுண்டல் நான் செய்தது, உப்புக் கொஞ்சம் தூக்கல். என்ன எழுத வேண்டும் என்பது முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ஒருவருடையதை ஒருவர் பார்க்கக் கூடாது, யார் எந்தக் குழு என்பது தன் காதில் விழவும் கூடாது என்று சொல்லிவிட்டுப் பெனிட்டா வெளியே போனதும் கோகிலா பக்கத்திலிருந்தவளின் நோட்டைத் திறந்துவிட்டாள்.

"ஏனுங்க்கா, மத்தவளுகளுக்கெல்லாம் மனசு, எனக்கு மட்டும் மளிகைச் சாமானா? புளி, மொளகா, துவரம்பருப்புன்னு எழுதுனா தூக்கம் வந்துருமா?"

"அம்மன் குடுத்தது கோகிலா. நானா குடுத்தேன்?"

"அதான பாத்தேன். அம்மனுக்கும் என்றமேல என்ன கோவமோ!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சம்பூர்ணம் மட்டும் நோட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆவணி 18, திங்கள்

மழை. துணி காயவில்லை. சம்பூர்ணம் நான்கு பக்கம் எழுதினாளாம். கை வலிக்கிறது என்றாள், மோர் கொடுத்தேன்.

ஆவணி 26, செவ்வாய்

பெனிட்டா இரண்டு வாரக் கேள்விகளை முடித்துவிட்டாள். சந்தோஷமாக இருக்கிறாள். "ஒருத்தர்கூட விட்டுட்டுப் போகல ஆன்ட்டி. எங்க சார் நம்பவே மாட்டேங்காரு. எல்லாம் உங்களாலதான்." இந்தத் தை மாதத்துக்குள் முடித்துக் கொடுத்தால் அவளுக்குப் பட்டம். அவள் அம்மா ஊரில் அங்கன்வாடி ஆயா வேலை பார்த்துப் படிக்க வைக்கிறாள். இதையெல்லாம் என்னிடம் ஏன் சொல்கிறாள் என்று இருந்தது. அவளுக்கு இரண்டு பணியாரம் கூட வைத்தேன்.

கோகிலா நன்றாகத் தூங்குகிறாளாம். கோயிலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு என்ன வேலைன்னு எழுதி வெச்சுட்டனா, அதைய நோட்டு பாத்துக்கும், நான் தூங்கறேன்." எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

புரட்டாசி 4, வியாழன்

சம்பூர்ணத்துக்கு ஒருவேளைச் சோறுகூட இறங்குவதில்லை. மகளின் கடைசி நாளை அவள் தினமும் எழுதுகிறாள். ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டதிலிருந்து தொடங்குகிறாளாம். முன்பெல்லாம் அரைகுறையாகவாவது கண் அசரும், இப்போது அதுவும் இல்லை.

"எழுதறத நிறுத்திப்போடு சம்பூர்ணம். எப்ப வேணாலும் விட்டுரலாம்னு அந்தப் புள்ள சொல்லித்தான கையெழுத்து வாங்குச்சு."

"அய்யோ, வேண்டாங்க்கா. அம்மன் வெள்ளை குடுத்து உத்தரவு சொன்னது. பாதியில உட்டனா அதுக்கு ஒரு குத்தம் வந்துரும். என்ற பேரனுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

மனதில் இருப்பதை எழுதுவதற்கு ஒரு வாரத்துக்கு விடுமுறை உண்டு என்று பொய் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை.

இதை எழுதிவிட வேண்டும். சம்பூர்ணத்துக்கு முதலில் வந்தது சிவப்பு. பாவம், அவளுக்குப் போய் சிவப்பைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று முறை கேட்கலாம் என்பது எங்கள் வழக்கம்தான். மறுபடியும் கேட்டேன். அதுவும் சிவப்பு. மூன்றாவதுதான் வெள்ளை. வழக்கத்தை மீறி ஒன்றும் செய்துவிடவில்லை.

புரட்டாசி 6, சனி

முதல் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட்டேன். வடை, சர்க்கரைப் பொங்கல், எள்ளு சாதம். நாமம் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்த என் வீட்டுக்காரர் பெனிட்டாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"ஏம்மா, உன்ற சோதனைக்கு இவளையா பூ கேக்க உட்டே? இவ கேட்டா வெள்ளை வர்ற வரைக்கும் அம்மனுக்கு விடுதலை கெடையாது. எங்க வீட்ல எந்தக் காரியத்துக்குச் செவப்பு வந்திருக்கு, சொல்லச் சொல்லு பாப்போம்!"

பெனிட்டா சிரித்தாள். இன்னொரு வடை கேட்டாள். நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். எண்ணெய் புகைகிற வரைக்கும் அணைக்கவில்லை.

புரட்டாசி 9, செவ்வாய்

கோயிலுக்குப் போனேன், வெளியிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

புரட்டாசி 11, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் பெனிட்டா சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து மாடிக்குப் போனேன். ஏழு பேருக்கு மறுபடி மறுபடி எடுத்தேன் என்றேன். அவள் முதலில் நான் வேறெதையோ சொல்கிறேன் என்று நினைத்தாள். பிறகு கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு ஆன்ட்டி?"

"பாவம் கண்ணு. ரொம்பக் கஷ்டப்பட்டவங்க. அவங்களுக்காச்சும் நல்லது நடக்கட்டும்னுதான்."

"எது நல்லது?"

கீழே இருந்த தட்டை எடுக்கக் குனிந்தேன். அவள் விடவில்லை.

"எது நல்லதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு ரெண்டு வருஷமா இங்க வந்து கெடக்கேன்? தெரியாமத்தானே சோதிக்கேன்! உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

ஏழு பேரையும் கழித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது கழிப்பதும் கூட்டுவதும்தானே. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"கழிக்க முடியாது ஆன்ட்டி. நீங்க திருப்பி உள்ள போட்ட ஒவ்வொரு சிவப்பும் வேற யாருக்கோ போயிருக்கு. அவங்க யாரு? உங்களுக்கே தெரியாது. ரொம்ப ஒடிஞ்சு போனவங்களா பாத்து ஒரு பக்கம் குவிச்சாச்சு. இனி அந்தப் பக்கம் தூக்கம் கெட்டா, எழுதுனதாலயா, இல்ல அவங்க முன்னமே அப்படியா? இந்தப் பக்கம் நல்லா தூங்குனா, வேலை எழுதுனதாலயா, இல்ல அவங்களுக்குப் பெருசா கஷ்டமே இல்லாததாலயா? ஒண்ணுமே சொல்ல முடியாது. முப்பத்தாறு பேரு உக்காந்து எழுதுனது அத்தனையும்..."

முடிக்கவில்லை. குழாயைத் திறந்து தட்டைக் கழுவினாள். கழுவின தட்டையே திரும்பக் கழுவினாள்.

இரண்டு பக்கமும் சரிபாதி, ஒன்றுகூடப் பிசகவில்லை என்று அன்றைக்கு எழுதிவைத்தேன். கூட்டுத்தொகை சரியாக வந்தால் கணக்கு சரி என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன்.

புரட்டாசி 12, வெள்ளி

மறுபடியும் மாடி ஏற வேண்டியதாகிவிட்டது.

நேற்றுப் பாவப்பட்டவர்களைப் பற்றி மட்டும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அழுகைகூட வந்தது. அவள் கோபத்தில் இருந்தபோதும் என்னை நல்ல மனசுக்காரி என்றுதான் நினைத்திருப்பாள். காலையில் பால் காய்ச்சும்போது அது ஆறுதலாக இருந்தது, அந்த ஆறுதலை நினைத்ததும் உடம்பு கூசியது.

கோகிலாவுக்கு முதலில் வந்தது வெள்ளை. கட்டு அவிழவில்லை. நன்றாக இறுக்கிக் கட்டிய பொட்டலம்தான். பிரித்துப் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது. இவளுக்கு என்ன மனக்கஷ்டம், வெளிநாட்டில் மகன், பஞ்சுமெத்தை, இவளுக்குப் போய் அம்மன் இரங்குகிறாளே என்று உள்ளே போட்டுக் குலுக்கினேன். அம்மன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் செய்தேன்.

பெனிட்டா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சொன்னேன். கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு கேட்டவள், எடுத்துவிட்டுச் சொன்னாள்: "நேத்து வந்த கோவம் இன்னைக்கு வரல ஆன்ட்டி."

"ஏன் கண்ணு?"

"இதச் சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாது."

எனக்கு அது மன்னிப்பாகப் படவில்லை. அவளும் மன்னிப்பாகச் சொல்லவில்லை. ஈரப் புடவையின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்துக்கொண்டு நின்றேன்.

புரட்டாசி 16, செவ்வாய்

சம்பூர்ணத்திடம் பெனிட்டாவே சொல்லியிருக்கலாம். நான்தான் போகிறேன் என்றேன். பெனிட்டா வாசல்வரை கூட வந்து நின்றுகொண்டாள். தூக்கத்துக்குப் பெரியாஸ்பத்திரியில் காட்டலாம், தானே கூட்டிப் போவதாகச் சம்பூர்ணத்திடம் சொல்லச் சொன்னாள்.

சம்பூர்ணம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே மை தடவியதுபோல் இருந்தது. நோட்டு பக்கத்திலேயே இருந்தது.

"சம்பூர்ணம், இத எழுதறத உட்ரு. இது அம்மன் உத்தரவில்ல. உனக்கு மொதல்ல வந்தது செவப்பு. ரெண்டாவதும் செவப்பு. நான்தான் வெள்ளை வர்ற வரைக்கும் எடுத்தேன்."

அவள் நோட்டை ஒருமுறை பார்த்தாள்.

"அம்மன் செவப்பா குடுத்துச்சு?"

"ஆமா."

"ரெண்டு தடவையும்?"

"ஆமா சம்பூர்ணம். உன்னையப் பாத்து மனசு கேக்கலை, அதான்..."

"செவப்புன்னா என்னங்க்கா எழுதறது?"

"நாளைக்கு என்ன வேலைன்னு. என்ன கொழம்பு, என்ன வாங்கோணும்னு."

அவள் கீரைத்தண்டைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். கிள்ளினதையெல்லாம் குப்பையில் போட்டாள், இலையையும்.

"புள்ளை எனக்குன்னு வந்துச்சு, போயிருச்சு. பேரன் எனக்குன்னு வந்தான், அவிங்க எடுத்துக்கிட்டாங்க. நாளைக்கு என்ன கொழம்புன்னு ஒண்ணு எனக்குன்னு வந்திருக்குது. அதைய ஏனுங்க்கா நீங்க எடுத்தீங்க?"

பெனிட்டா உள்ளே வந்து கீழே உட்கார்ந்து, சிந்திய கீரையைப் பொறுக்கினாள். ஆஸ்பத்திரிக்கு எப்போது போகலாம் என்று அவள்தான் கேட்டாள். நாளைக்கே வருகிறேன் என்றாள் சம்பூர்ணம், அவளைப் பார்த்து. என்னைப் பார்க்கவில்லை.

புரட்டாசி 24, புதன்

பெனிட்டா கோயமுத்தூர் போய் அவளுடைய சாரைப் பார்த்துவிட்டு வந்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னாளாம். இதை விட்டுவிட்டுப் புதிதாகப் பெண்களைச் சேர்த்து முதலிலிருந்து செய்ய வேண்டும். பட்டம் ஒரு வருடம் தள்ளிப் போகிறது. அவள் அம்மாவிடம் போனில் பேசியது கீழேவரை கேட்டது. என் பேரைச் சொல்லவில்லை. "சோதனையில ஒரு தப்பு நடந்து போச்சும்மா" என்று மட்டும் சொன்னாள்.

இந்த முறை குழு பிரிப்பதைக் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் செய்யும்.

எனக்கும் தூக்கம் வருவதில்லை, என்னையும் சேர்த்துக்கொள் என்றேன். "உங்களுக்கு எல்லாம் தெரியும் ஆன்ட்டி. தெரிஞ்சவங்களச் சேக்க முடியாது." கடுமையாகச் சொல்லவில்லை. தலையைத் தடவிக் கொடுப்பதுபோலச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

சம்பூர்ணம் ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிடுகிறாள். என் வீட்டு வாசலைத் தாண்டும்போது நடையைக் கூட்டிக்கொள்கிறாள்.

ஐப்பசி 3, வெள்ளி

புதிதாகப் பெண்களைச் சேர்க்கப் பெனிட்டாவோடு ஆற்றங்கரைத் தெருவுக்குப் போனேன். தெரியாத ஆள் என்றால் கதவு திறக்கமாட்டார்கள், அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டாள். போன முறை என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டார்கள். கோகிலா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். ஒவ்வொரு வாசலிலும் நானே சொன்னேன். ஒரு வீட்டில் சொம்புத் தண்ணீரோடு வந்த பெண் அதைக் கேட்டுவிட்டுக் கொடுக்காமலே உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்னொரு வீட்டில், "சாமிகிட்டயே டபாய்ச்சவளா!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். பெனிட்டா என் முழங்கையைத் தொட்டாள். அடுத்த வாசலுக்குப் போனோம்.

அது சுகன்யா வீடு. சாயப்பட்டறையில் வேலை பார்த்த புருஷன் கையில் அடிபட்டுப் படுத்திருக்கிறான். இடுப்பில் கைக்குழந்தை. அவள் கண் இரண்டும் குழிக்குள் கிடந்தன. எல்லாம் கேட்டுக் கையெழுத்துப் போட்டாள். பெனிட்டா பக்கத்து வீட்டுக்கு நகர்ந்ததும் என் சேலை நுனியைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்க பாவப்பட்டவங்களுக்கு மாத்திக் குடுத்தீங்கன்னு சொன்னாங்க. என்னையும் அந்த நல்ல குழுவுல போட்டு உட்ருங்க்கா. நான் தூங்கி ரொம்ப நாளாச்சுங்க்கா. இவனையும் பாக்கோணும், அவரையும் பாக்கோணும்."

ஊரில் ஒருத்தியாவது நான் செய்ததை நல்லது என்று நினைக்கிறாள். அந்தப் பிடியை விடுவிக்க எனக்கு மனமே வரவில்லை.

"எது நல்லதுன்னு எனக்குத் தெரியாது கண்ணு."

"தெரியாமயா அப்பிடிச் செஞ்சீங்க?"

"தெரியாமத்தான் செஞ்சேன்."

அவள் நம்பவில்லை. இருப்பதை மறைத்துக்கொண்டு இல்லை என்று சொல்கிறவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். சேலையை விட்டாள். குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு கதவைச் சாத்தினாள். நான் பெனிட்டா காத்திருந்த வாசலுக்கு நடந்தேன்.